செண்பகவல்லியின் அண்ணாச்சி

இது நடந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதனால் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ரயில்வே கேட்டுக்குத் தெற்கே, உச்சினிமாகாளி அம்மன் கோயிலில் தொடங்கி ஐஸ் கம்பெனிச் சுவரில் முட்டி நிற்கும் எங்கள் தெருவில், எப்போதாவது வருகிற அந்தத் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் நிற்க, குடங்களுக்குப் பின்னால் பெண்கள் நிற்க, கடைசியில் செண்பகவல்லி வழக்கம்போல யாரோடும் பேசாமல் நிற்க, ஒன்பது வருடமாக அவள் காதுக்குள் மட்டுமே குடியிருந்த குரல் அன்று எப்படியோ வெளியே தவறி விழுந்து, லேசாகச் சளி பிடித்த ஆண்குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, "கோமதி கொடத்த முன்னால நகத்துதா, யாரும் பாக்கலன்னு நெனப்பு," என்றது.

கோமதி குடத்தை நகர்த்திக்கொண்டுதான் இருந்தாள். ஆகவே பேசியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோமதி எப்படி நகர்த்தலாம் என்றுதான் கேட்டார்கள். சண்டை முடிந்து, குடங்கள் நிறைந்து, தண்ணீரும் நின்ற பிறகே பேசிய ஆண்பிள்ளை எங்கே என்று தேடினார்கள். "வடக்க தேடுதாளுக, இப்பத் தெக்க தேடுதாளுக," என்று குரல் அந்தத் தேடலையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி மட்டும் தேடவில்லை. அவள் குடத்தைக் கீழே வைத்து, எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஒங்களுக்கும் கேக்குதா?" என்றாள். கேட்கிறது என்று சொன்னதும் குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

செண்பகவல்லி கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். அப்பா அம்மா போன பிறகு மிஞ்சிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் இசக்கிமுத்து வடக்கே லாரி ஓட்டுகிறவன், நல்லவன், வரும்போதெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான், ஆனால் எந்த முக்கியமான விஷயத்திலும் அக்கா சொன்னால் சரிதான் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். அந்த அக்கா, விளாத்திகுளத்துப் பேச்சியம்மாள், நாலு வருடத்துக்கு முன் செண்பகவல்லியின் மகள் தர்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போனதில் தப்புச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று செண்பகவல்லி நிறுத்தியிருந்த ஒரு சமயத்தில், குரல் எழுந்து வா என்று கூப்பிட, இரண்டு வயதுப் பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு அவள் பாட்டுக்கு நடந்துபோனாள். முகம் தெரியாத ஒரு பூக்காரிதான் சாயங்காலம் வரை பிள்ளைக்குக் காவல் இருந்தாள். "ஒனக்குள்ள பேசுதது வாய மூடட்டும், அன்னைக்குப் பிள்ளையக் கொண்டாந்து விடுதேன்," என்றாள் பேச்சியம்மாள். அன்றிலிருந்து செண்பகவல்லி ஒரு வேளை மாத்திரையும் தவறவிட்டதில்லை. குரல் தேய்ந்து பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு வந்து, பிறகு கொசு அளவுக்கு வந்து, சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பிள்ளையோடு வருகிறேன், நிலைமை நன்றாக இருந்தால் விட்டுவிட்டுப் போகிறேன் என்று பேச்சியம்மாள் போனில் ஒத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் அது தெருவில் வந்து விழுந்தது.

ஏன் விழுந்தது என்பதைப் பற்றித் தெருவில் அதிகம் பேச்சு இல்லை. மாத்திரையில் சிறுத்துச் சிறுத்துக் காது ஓட்டை வழியாக நழுவும் அளவுக்கு ஆகிவிட்டது என்று இஸ்திரிக்காரர் பால்ச்சாமி சொன்னார், அது நியாயமாகப் பட்டதால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை அதை எப்படிக் கூப்பிடுவது என்பது. உருவம் இல்லாதவரானாலும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? வயதில் பெரியவர், வீட்டு விஷயமெல்லாம் தெரிந்தவர், ஆகவே சொந்தக்காரர்தான் என்று பெரியப்பா முறை வைக்கப் பார்த்தார்கள், பெரியப்பா என்றால் ஒருபக்கத்து ஆட்களுக்குத்தான் முறை வரும் என்று மறுபக்கம் முறுக்கிக்கொண்டது, கடைசியில் கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை யாருக்கும் பொருந்துகிற 'அண்ணாச்சி' என்பதில் வந்து நின்றார்கள். அண்ணாச்சியும் மறுப்புச் சொல்லவில்லை. இதற்கு முன் தனக்கு வைத்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை என்றார்.

அந்தப் பெயர்களின் கதையை அவரே சொன்னார். டீக்கடை வாசலில் பெஞ்சுகளைப் போட்டுக்கொண்டு தெரு உட்கார, ரிட்டையரான தாசில்தார் தன் டிரான்ஸ்பர்களைச் சொல்வதுபோல அவர் சொல்லச் சொல்ல, செண்பகவல்லியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அவர் குடியிருந்து வந்தது தெரிந்தது. முதலில் முப்பாட்டன் வீரபுத்திரன் காதில் இருந்தாராம், அப்போது அவரைச் சாமி என்றார்கள், சேவல் அறுத்தார்கள், சாராயம் படைத்தார்கள், வீரபுத்திரன் மழை வரும் என்று சொன்னால் வானம் வெறித்திருந்தாலும் குடை விரித்தார்கள், அந்த மாதிரி மரியாதை பிறகு கிடைக்கவே இல்லையாம். அடுத்து தாத்தாவின் தம்பி நெல்லையப்பன் காதுக்கு மாறியபோது ஊரின் புத்தி மாறிவிட்டது. அதே குரலைப் பேய் என்றார்கள், நெல்லையப்பனைக் கோயில் மரத்தில் சங்கிலியால் கட்டினார்கள், உச்சந்தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், வேப்பங்குழையால் அடித்தார்கள். "அடிச்சது என்னைய, வலிச்சது அவனுக்கு," என்றார் அண்ணாச்சி. அடித்துக் களைத்த பிறகு, பெரிய மதில் வைத்த ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கே பேய் என்பது போய்ப் பைத்தியம் என்று ஆனது, குளிர்ந்த தண்ணீரில் உட்கார வைத்தார்கள், ஊசி போட்டு நினைவு தப்பத் தூங்க வைத்தார்கள், மயக்க மருந்துகூடக் கொடுக்காமல் கரண்ட் வைத்தார்கள், நெல்லையப்பன் பிறகு தன் பெயரைக் கேட்டால் யோசித்துச் சொல்லுகிற ஆளாகிவிட்டான், வெளியே வந்து கூப்பிட்டுப்போக ஆளில்லாமல் மதிலுக்குள்ளேயே செத்தான்.

பெஞ்சில் ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

பிறகு செண்பகவல்லியின் பிரமு அத்தை காலம். அப்போது மாத்திரையும் ஊசியும் வந்துவிட்டன, சங்கிலி இல்லை, பிரமு அத்தை வீட்டிலேயே இருந்தாள், அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டியது, ஆனால் அத்தைக்கும் வாய் உலர்ந்து, கை நடுங்கி, மரக்கட்டை நடப்பதுபோல நடந்தாள். படித்த டாக்டர் ஒருவர் இதற்கெல்லாம் காரணம் பிள்ளையை அம்மா வளர்த்த விதம்தான் என்று சொல்லி அத்தையின் அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டித்தாராம். "அந்தம்மா பாவம், நாலு பிள்ளைகளையும் ஒரே மாதிரிதான் வளத்தா, எனக்கே சங்கட்டமாப் போச்சு," என்றார் அண்ணாச்சி. இப்போது செண்பகவல்லி காலத்தில் அவரை மனச்சிதைவு என்கிறார்கள், மூளையில் ஏதோ ரசாயனம் என்கிறார்கள், ரத்தவழியில் வருவது பாதி, வாழ்க்கை கொடுக்கிற அடி பாதி என்கிறார்கள், யார் மீதும் பழி போடாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகிறாயா, தூங்குகிறாயா, பேச ஆள் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். சேவல் கொடுத்தவர்களையும் வேப்பங்குழையால் அடித்தவர்களையும் சமாளித்த தன்னை, இந்த 'தூங்குனியா' என்கிற ஒரு கேள்விதான் இளைக்க வைத்துவிட்டது என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

தெருவுக்கு அண்ணாச்சியை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான், யார் என்ன செய்கிறார்களோ அதைச் செய்யச் செய்யச் சொல்வது, அதுவும் அடுத்த வீட்டைப் பற்றி என்றால் கேட்க யாருக்குத்தான் கசக்கும். பால்ச்சாமி வேட்டியில் ஓட்டை போட்டுவிட்டு மடித்து வைக்கிறார், டீக்கடைக்காரர் பழைய தூளையே மறுபடி போடுகிறார், கோமதி வீட்டில் கறி வாசம் வருகிறது ஆனால் கோமதி விரதம் என்று சொல்லியிருந்தாள், இப்படிக் காலை முதல் பொழுது சாயும் வரை நேர்முக வர்ணனை நடந்தது. பஸ்ஸில் கண்டக்டர்கள் 'அண்ணாச்சி தெரு எறங்கு' என்றார்கள். யூடியூப்காரன் ஒருவன் வந்து மூன்று மைக் வைத்துப் பதிவு செய்ததில் நாய் குரைத்தது மட்டுமே பதிவாகியிருந்தது, கோபித்துக்கொண்டு போனான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குக்கு விடை கேட்டார்கள், அண்ணாச்சி தயங்காமல் சொன்னார், ஒன்றுகூடச் சரியில்லை.

சிரிப்பு எத்தனை நாள் இருந்ததோ, அது அவரவர் முறை வரும் வரைதான் இருந்தது. அண்ணாச்சி வெளியில் நடப்பதைச் சொல்லி அலுத்து, உள்ளே கிடப்பதைச் சொல்ல ஆரம்பித்தார். பால்ச்சாமி துணி தேய்க்கும்போதெல்லாம் அவரிடம், உன் பையன் துபாயிலிருந்து வரவே மாட்டான், உன் சாவுக்கும் வரமாட்டான் என்றார். டீக்கடைக்காரரிடம், ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றார். கோமதியிடம் என்ன சொன்னார் என்று எல்லோரும் கேட்டார்கள், அதை இங்கே எழுதுவது நாகரிகம் இல்லை. கொஞ்ச நாளில் பால்ச்சாமி காதில் பஞ்சு வைத்துக்கொண்டார், டீக்கடைக்காரர் ஆள் இல்லாத இடத்தைப் பார்த்துப் பதில் சொன்னார், கோமதி காய்கறிப் பையோடு நடந்து வரும்போது நட்ட நடுத்தெருவில் நின்று கையை வீசி யாரோடோ சண்டை போட்டாள், யாரும் பாத்திரம் கழுவவோ ஒழுங்காகத் தூங்கவோ முடியாமல் தலைவிரி கோலமாகத் திரிந்தார்கள். முன்பு செண்பகவல்லி இதையெல்லாம் செய்ததற்காக இவர்கள்தான் அவளைப் பார்த்துப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினவர்கள். இப்போது ஒவ்வொருத்தியாக அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, இதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை வருடம் கடலைமிட்டாய் பாக்கெட் போட்டாய் என்று கேட்டார்கள். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், வாய்க்குள்ளேயே எதையாவது முணுமுணுங்கள், தூக்கம் கெட்டால் அவருக்குக் கொண்டாட்டம், அதனால் நேரத்துக்குப் படுங்கள் என்று செண்பகவல்லி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். வாசலில் அத்தனை பேர் வந்து நின்றது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை வருகிற மனநல டாக்டர் ஜெசிந்தா, அந்தப் புதனன்று வராண்டாவில் ஒரு தெரு முழுவதும் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். எல்லோரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்களுக்கு நோய் எதுவும் இல்லை, மோசமான ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வாய்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்று மாத்திரை தராமல் அனுப்பினார். செண்பகவல்லியை மட்டும் இருக்கச் சொல்லி, குரல் வெளியே விழுவதெல்லாம் தான் படித்த புத்தகத்தில் இல்லை, ஆனால் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் அதற்கு வேர் உன்னிடம்தான், மாத்திரையை நீயாக நிறுத்தாதே, நிறுத்தத் தோன்றினால் முதலில் என்னிடம் வந்து சண்டை போடு என்றார். செண்பகவல்லி தலையாட்டினாள். அவள் காதுக்குள் அப்போது ஒரு சத்தமும் இல்லை, ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது, அப்படி ஒரு அமைதியை அவள் கல்யாணமான வருடத்துக்குப் பிறகு அறிந்ததே இல்லை.

டாக்டர் சொன்ன அந்த வேர் விஷயத்தைத் தெருவும் கண்டுபிடித்துவிட்டது. செண்பகவல்லி மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியின் சத்தம் அடங்கும். கம்பெனியில் கூடுதல் வேலை வந்து அவள் தாமதமாகப் போட்டால் தெருக்கோடி வரை கணீரென்று கேட்கும். அவ்வளவுதான், மாத்திரை பொதுச் சொத்தாகிவிட்டது. 'போடு' கட்சி என்றும் 'போடாதே' கட்சி என்றும் தெரு இரண்டாகப் பிரிந்து, காலையில் அவள் பல் விளக்குவதற்குள், போட்டியா என்று கேட்க ஒருத்தி வந்தாள், போட்டுட்டியா என்று வருத்தப்பட இன்னொருத்தி வந்தாள். பால்ச்சாமியும் கோமதியும் 'போடு' கட்சி. 'போடாதே' கட்சிக்குத் தலைவர் கொடைக் கமிட்டி வெள்ளைப்பாண்டியன்.

வெள்ளைப்பாண்டியனுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. உச்சினிமாகாளிக்கு வழக்கமாகச் சாமியாடுகிறவர் மகனோடு சென்னைக்குக் குடிபோய்விட்டார், அங்கே அபார்ட்மென்டில் ஆட முடியாமல் அருளே போய்விட்டதாகச் சொன்னார், போன வருடக் கொடையில் யார் மீதும் சாமி வராமல் மேளக்காரர்கள் அடித்து அடித்துக் கை வீங்கிப் போனார்கள். எங்கள் கொடையில் மதியப் பூசைக்கு அம்மன் வாக்குச் சொல்ல வேண்டும், வாக்கு வந்ததும் பெண்கள் குலவை போட வேண்டும், குலவை விழுந்துவிட்டால் அந்த வாக்கை மாற்ற மனுஷனால் மட்டுமல்ல, அம்மனாலேயே முடியாது. நிலத் தகராறு, கல்யாணத் தகராறு எல்லாம் அப்படித்தான் எங்கள் தெருவில் தீர்ந்து வந்தன. வாக்கு இல்லாத வருடம் தகராறுகள் மலைபோலச் சேர்ந்து கிடந்தன. இந்த வருடம் அண்ணாச்சி வாக்குச் சொல்லட்டும், வீரபுத்திரன் காலத்தில் சாமியாக இருந்தவர்தானே, பழைய உத்தியோகம் மறந்தா போயிருக்கும் என்று வெள்ளைப்பாண்டியன் கேட்டார். அண்ணாச்சிக்கும் சேவலின் ஞாபகம் வந்துவிட்டது.

கமிட்டி செண்பகவல்லியிடம் வந்து கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. கொடை முடிகிற வரை மாத்திரையை மறந்துவிட வேண்டும், கொடையன்று மாலை போட்டுப் பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், முதல் மரியாதை அவளுக்கு. அவள் முடியாது என்றாள். அப்போது வெள்ளைப்பாண்டியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தாயி, ஒம் மதினி கொடைக்கு வாரா. சீக்காளி கையில பிள்ளையக் குடுக்க யோசிப்பா. சாமி கையில இருந்து பிள்ளையப் பிடுங்க எவளுக்குத் தைரியம் இருக்கு?" செண்பகவல்லி மாத்திரை இருந்த மாடத்தைப் பார்த்தாள். "ஞாயந்தான சொல்லுதாரு," என்றார் அண்ணாச்சி, கூரையிலிருந்து.

அவள் ஜெசிந்தா டாக்டரிடம் போய்ச் சண்டை போடவில்லை. கொடைக்கு முந்தைய நாட்களில் மாத்திரை அட்டையைக் கையில் எடுப்பாள், மாத்திரையை அமுக்குவாள், மகள் முகம் வரும், அதை முந்தானையில் முடிந்துவிடுவாள். அண்ணாச்சியின் குரல் நாளுக்கு நாள் பெருத்து, ரயில்வே கேட்டைத் தாண்டிக் கேட்டது. 'போடாதே' கட்சி வெடி போட்டது. ஆனால் கொடையன்று காலையில் அவள் மஞ்சள் தேய்த்துக் குளித்துக்கொண்டிருக்கும்போது, தெருவில் கேட்கிற அதே குரல் தன் காதுக்குள்ளும் ஒரு கால் எடுத்து வைப்பது தெரிந்து சொம்பைக் கீழே போட்டாள். எழுந்து வா என்று அது சொல்லவில்லை. சொல்லப்போகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

மதியப் பூசைக்கு மேளம் முழங்க, சாம்பிராணிப் புகை பந்தல் முழுக்கச் சுற்ற, சிவப்புச் சேலையும் அரளி மாலையுமாகச் செண்பகவல்லி பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச்சியம்மாள் வந்தாள். பட்டுச் சேலை கட்டி, ஒரு கையில் பையும் ஒரு கையில் தர்ஷிகாவுமாக வந்தவள், தம்பி பெண்டாட்டியை அந்தக் கோலத்தில் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள். பிள்ளை வளர்ந்திருந்தது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, தலைமுடி காது வரை வெட்டியிருந்தது, அம்மாவைப் பார்த்தது, அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றது. செண்பகவல்லிக்கு ஓடிப்போய்த் தூக்க வேண்டும் போலிருந்தது, சாமி அப்படி ஓடக்கூடாது என்று வெள்ளைப்பாண்டியன் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளைப்பாண்டியன் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, கற்பூரத்தை உயர்த்திப் பிடித்து, மற்ற தகராறெல்லாம் பிறகு, முதலில் இந்தப் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று அம்மன் வாக்குச் சொல்லட்டும் என்றார். கோமதி குலவைக்கு நாக்கைத் தயார் செய்துகொண்டாள். பந்தலுக்கு மேலிருந்து, சளியெல்லாம் நீங்கிய கம்பீரமான குரலில் அண்ணாச்சி பேசினார்.

"பேச்சி. தாய்க்காரிக்குச் சீக்குன்னுதானா பிள்ளைய வச்சிருக்க? ஒனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. ஒம் புருசன் ராமசாமி செத்த பெறகு ஒம் வீட்டுல ஒனக்குச் சோறு போடவும் ஆளில்ல, நீ போட்டாத் திங்கவும் ஆளில்ல. இதக் குடுத்துட்டா நீ வெறும் சொவத்தப் பாத்துச் சாவணும். அதுக்குத்தான் இவளுக்குச் சரியாகக் கூடாதுன்னு தெனமும் வெளக்குப் போடுத."

பேச்சியம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. இனி ஒரு குலவை விழுந்தால் போதும், பிள்ளை செண்பகவல்லியுடையது, பேச்சியம்மாள் ஆயுசுக்கும் அதன் முன்னால் வந்து நிற்க முடியாது. கோமதி வாய் மேல் கையை வளைத்து நாக்கைத் தூக்கினாள். அந்த நிமிடத்தில் செண்பகவல்லி மாலையும் புகையுமாக எழுந்து, பீடத்தைத் தாண்டிக் குதித்து, கோமதியின் வாயைத் தன் உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தினாள். கோமதி கண்ணை உருட்டிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டாள்.

"கொலவை போடாத," என்றாள் செண்பகவல்லி. "இது வாக்கு இல்ல. இது சாமியும் இல்ல, பேயும் இல்ல. இது எனக்கு இருக்கிற சீக்கு." பொத்திய கையை எடுக்காமலே பேச்சியம்மாள் பக்கம் திரும்பினாள். "மதினி, அழாதீங்க. இது அப்பிடித்தான். நமக்கு எங்க வலிக்கும்னு பாத்து அங்கனதான் கை வைக்கும். ஒன்பது வருசமா எங்கிட்ட, நீ பிள்ளைக்கு ஆக மாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருக்கு. அது சொல்லுததக் கேட்டுக்கிட்டு நீங்க சாவுறதப் பத்தி யோசிக்காதீங்க."

பேச்சியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது சொன்னது நெசந்தான், தாயி," என்றாள்.

"இருந்துட்டுப் போகுது மதினி. நெசத்த எப்பிடிச் சொல்லணும்னு அதுக்குத் தெரியாது."

அவள் கோமதியை விட்டாள், சிவப்புச் சேலை கட்டும்போதும் மறக்காமல் முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை அவிழ்த்து எடுத்தாள், தீர்த்தச் செம்பை எடுக்கப் போனவள் அது அம்மனுக்கு வைத்தது என்று நினைத்து நிறுத்தினாள். பேச்சியம்மாள் தன் பைக்குள் கைவிட்டு, பிள்ளைக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினாள். "மாத்திரை முழுங்குதா," என்றார் அண்ணாச்சி, கம்பீரம் போய்ப் பழைய சளிக்குரலில், சொல்வதைத் தவிர வேறு வேலை தெரியாதவராக. "தண்ணி குடிக்குதா. வெள்ளப்பாண்டி தலையில கை வச்சிட்டாரு. பிள்ளை எட்டிப் பாக்குது. சேலைய விட்டுட்டு வருது. மாலையப் பிடிச்சு இழுக்குது. இவ குனியுதா." அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேளக்காரர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வாங்கின காசுக்கு அடிக்கத் தொடங்கினார்கள்.

அந்த வருடமும் தகராறுகள் வாக்கில் தீராமல் போயின, சிலவற்றை உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டார்கள், சிலது இன்னும் இருக்கிறது. செண்பகவல்லி அடுத்த புதன்கிழமை ஜெசிந்தா டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள், டாக்டர் திட்டவில்லை, மாத்திரையின் அளவை மாற்றி எழுதி, இனிமேல் கூட வருவதற்கு யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டார், வெளியே பெஞ்சில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி பேசுகிறார் என்று பயந்து ஆள் வராததால் எங்கள் தெருவில் வாடகை பாதியாகக் குறைந்திருந்தது, செண்பகவல்லி வீட்டுக்கு எதிர்வீட்டைப் பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள், இப்போது தர்ஷிகா இங்கே சாப்பிட்டு அங்கே தூங்குகிறாள், சில நாள் அங்கே சாப்பிட்டு இங்கே தூங்குகிறாள். இசக்கிமுத்து வந்து பார்த்துவிட்டு, அக்கா சொன்னால் சரிதான் என்றான். அண்ணாச்சியின் சத்தம் ரயில்வே கேட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து குழாயடிக்கும் சுருங்கி, ஒருநாள் தண்ணீர் வந்தபோது கோமதி தாராளமாகக் குடத்தை நகர்த்தியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பழைய இடத்துக்கே போய்விட்டார், கொசு அளவுக்கு.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. வளர்ந்துவிட்ட முடியைக் கஷ்டப்பட்டு இழுத்துச் செண்பகவல்லி மகளுக்கு ரெட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது, காதோரம் அவர் வந்து வழக்கமானதைச் சொன்னார். "இருங்க, பின்னிட்டு வாரேன்," என்றாள் அவள். யாரிடம் பேசுகிறாய் என்று தர்ஷிகா கேட்டாள். அண்ணாச்சியிடம் என்றாள் அம்மா.

"என்ன சொல்லுதாரு?"

செண்பகவல்லி பல்லில் கடித்திருந்த ரிப்பனைக் கையில் எடுத்தாள். பிள்ளையிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "நான் ஒனக்கு ஆக மாட்டேனாம்."

தர்ஷிகா கண்ணாடியில் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தாள், மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள், இரண்டு சடையையும் கையில் பிடித்து அளந்தாள்.

"இந்தப் பக்கம் கோணலா இருக்கும்மா," என்றாள். "அவுத்துப் பின்னு."

செண்பகவல்லி அவிழ்த்து, சீப்பை எடுத்து, வகிடிலிருந்து மறுபடி தொடங்கினாள்.